பி.ஆர். வரும்வரை காத்திருக்கும்போது கனடா போய்வரலாமா? கடலூர், புதுச்சேரியிலிருந்து என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம் முடிந்து பதினெட்டாம் நாள் என் கணவர் டொராண்டோ திரும்பிவிட்டார். கனடாவில் நிரந்தரமாக வாழும் உரிமை, அதாவது பி.ஆர்., எனக்குக் கிடைக்க, அவர் என்னை மனைவியாக அழைத்துக்கொள்ளும் ஸ்பான்சர் மனு போட்டோம். நடுவில் நான் கேட்ட முதல் விசிட்டர் விசாவை மறுத்தார்கள், இரண்டாவது கிடைத்தது, ஐந்து மாதம் அவரோடு இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன், அதற்கப்புறம்தான் பி.ஆர். வந்தது. அன்றிலிருந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி, லாஸ்பேட்டை, வில்லியனூர் என்று பல பக்கத்திலிருந்தும் பெண்கள் ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்கிறார்கள், சில சமயம் அவர்களுடைய அம்மாக்களும் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். நான் வக்கீல் இல்லை. கட்டணமும் விதியும் மாறிக்கொண்டே இருக்கும், மனு போடுகிற அன்று கனடா குடிவரவுத் துறையான ஐ.ஆர்.சி.சி.யின் இணையதளத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

ஸ்பான்சர் மனு போட்டாச்சு அக்கா. இனிமேல் பி.ஆர். வரும்வரை அந்தப் பக்கமே போகக்கூடாதாமே?

போகலாம். இதைத் தெரியாமலே ஒரு வருஷத்தைக் கண்ணீரோடு ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் முதலில் இதைச் சொல்கிறேன். கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் 22(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. நிரந்தரமாகக் குடியேற வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு இருப்பது, அவர் தற்காலிகமாக வந்துபோவதற்குத் தடை ஆகாது, கொடுத்த காலம் முடிவதற்குள் கிளம்பிவிடுவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வந்தால் போதும் என்பதுதான் அதன் சாரம். இதை இரட்டை நோக்கம் என்கிறார்கள். ஆக, "எனக்கு அங்கே குடியேற ஆசை இருக்கிறது, அதற்கு முறைப்படி மனு போட்டிருக்கிறேன், அது முடிவாகாவிட்டால் சொன்ன தேதிக்குள் ஊர் திரும்புவேன்" என்று மூன்றையும் சேர்த்தே தைரியமாகச் சொல்லலாம்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். ஸ்பான்சர் மனு போட்டிருப்பதால் மட்டும் விசா இல்லாமல் விமானம் ஏற முடியாது.

விசிட்டர் விசா மனுவில் பி.ஆர். விஷயத்தைச் சொல்லணுமா? சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுவார்கள் என்று ஏஜென்ட் சொல்கிறார்.

என் முதல் மனு மறுக்கப்பட்டதே இந்தப் பேச்சை நம்பியதால்தான். எங்கள் பக்கத்து ஏஜென்ட் ஒருவர், "புருஷனைப் பார்க்கப் போறேன்னு போட்டா தரமாட்டாங்கம்மா, டூர்னு போடு" என்றார். நயாகரா, டொராண்டோ, பத்து நாள், ஓட்டல் முன்பதிவு என்று ஒரு கடிதம் தயார் செய்தார். படிவத்தில் "கனடாவுக்கு வரவோ தங்கவோ இதற்கு முன் விண்ணப்பித்திருக்கிறீர்களா" என்று ஒரு கேள்வி வரும். அதற்கு "இல்லை" என்று போட்டிருந்தார். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் நான் படித்துப் பார்த்தேன், சண்டை போட்டு "ஆம்" என்று மாற்ற வைத்தேன். கடிதத்தை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டேன். படிவத்தில் கணவர் கனடாவில் இருக்கிறார், ஸ்பான்சர் மனு நிலுவையில் இருக்கிறது என்று ஒரு பக்கம், கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் நயாகரா என்று இன்னொரு பக்கம். படிக்கிற அதிகாரி என்ன நினைப்பார்? வருகையின் நோக்கம் நம்பும்படி இல்லை என்று மறுப்புக் கடிதம் வந்தது.

மறுப்போடு போனது என் அதிர்ஷ்டம். அந்த "இல்லை" அப்படியே போயிருந்தால் அது தவறான தகவல் தந்த குற்றம், அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி 5 வருஷம் கனடாவுக்குள் நுழையவே தடை விழலாம், அந்த 5 வருஷத்தில் பி.ஆர். மனுவும் போட முடியாது. உங்கள் ஸ்பான்சர் மனு அவர்கள் கணினியில் இருக்கிறது. அதை அவர்களிடமே மறைக்கப் பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை. ஏஜென்ட் மூலம் போட்டாலும் தவறு உங்கள் தலையில்தான் விழும், ஆகவே கடைசிப் பக்கம் வரை நீங்களே படித்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

சரி, திரும்பி வருவேன் என்று எப்படி நம்ப வைப்பது? என் பெயரில் சொத்து எதுவும் இல்லையே.

என் பெயரிலும் இல்லை. நிறையப் பேர் இங்கேதான் பயப்படுகிறார்கள், கல்யாணமான இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் பட்டா, சிட்டா எங்கிருந்து வரும். அதிகாரி பார்ப்பது சொத்தை மட்டும் இல்லை. நீங்கள் திரும்பி வரக் காரணம் இருக்கிறதா, இதற்கு முன் விதிகளை மதித்திருக்கிறீர்களா, பி.ஆர். கிடைக்கும் வாய்ப்பு இருக்கும்போது விசா காலத்தைத் தாண்டித் தங்கி எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வாரா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் பார்க்கிறார்.

இரண்டாம் முறை நான் வைத்தவை: வேலை பார்த்த பள்ளியின் விடுப்புக் கடிதம், எந்தத் தேதி திரும்ப வேலைக்கு வர வேண்டும் என்பது தெளிவாக எழுதப்பட்டு; ஆறு மாத சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு; அப்பா பெயரில் உள்ள வீட்டின் பத்திரம், நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்பதற்கு ஆதாரமாகக் குடும்ப அட்டை. அவர் பக்கத்திலிருந்து அழைப்புக் கடிதம், வேலைக் கடிதம், கனடா வருமான வரித் துறை தரும் கணிப்பு அறிக்கை, வீட்டு வாடகை ஒப்பந்தம், அவருடைய பி.ஆர். அட்டையின் நகல். இவற்றோடு ஸ்பான்சர் மனு கிடைத்ததற்கு ஐ.ஆர்.சி.சி. அனுப்பும் ஒப்புகைக் கடிதம். இதை எல்லோரும் ஏ.ஓ.ஆர். என்றுதான் சொல்வார்கள், இதை மறக்கவே கூடாது. ஸ்பான்சர் தகுதியானவர் என்று தனியாக ஒரு கடிதம் வந்திருந்தால் அதையும் வையுங்கள்.

மனுவுக்கு முந்தின வாரம் மாமாவிடம் ஐந்து லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. செய்யாதீர்கள். திடீரென்று வந்த பணம் திடீரென்று வந்ததாகவே தெரியும். செலவைக் கணவர் ஏற்கிறார் என்றால் அதையே எழுதி அவருடைய கணக்கைக் காட்டுங்கள்.

அப்புறம் அந்தக் கடிதம். ஒன்றரைப் பக்கம்தான் எழுதினேன். எப்போது கல்யாணம், எப்போது ஸ்பான்சர் மனு, ஏன் இப்போது போகிறேன், எத்தனை நாள், பி.ஆர். அதற்குள் வராவிட்டால் எந்தத் தேதிக்குள் திரும்புவேன், திரும்பி வந்து என்ன செய்வேன். முதல் மனு ஏன் மறுக்கப்பட்டது, அதில் என் தவறு என்ன என்பதையும் எழுதினேன். 22(2) பிரிவையும் ஒரு வரியில் குறிப்பிட்டேன். தமிழில் உள்ள ஆவணம் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும், இதை வீட்டுக்காரர்களோ சொந்தக்காரர்களோ செய்யக்கூடாது.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், கல்யாண சர்டிபிகேட்டில் இனிஷியலோடு ஒரு பெயர். பிரச்சினை வருமா?

நம்மவர்கள் எல்லோருக்கும் வருகிற தலைவலி இது. கல்யாணச் சான்றில் "சு" என்று ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடமே காலி. கனடா படிவத்தில் பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது என்றால் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு மற்றதைக் காலியாக விடச் சொல்கிறார்கள். இனிஷியல் வேறுபாட்டுக்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிப்பவை என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கி வையுங்கள், இனிஷியல் என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து என்று இரண்டு வரி விளக்கமும் சேர்த்துவிடுங்கள். ஸ்பான்சர் மனுவில் எழுதிய அதே எழுத்துக்கூட்டல் விசிட்டர் மனுவிலும் இருக்க வேண்டும். கல்யாணம் ஆகிவிட்டதே என்று கணவர் பெயரைச் சேர்த்துப் பாஸ்போர்ட் மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

திருவந்திபுரத்தில்தான் கல்யாணம். கோயில் ரசீது போதுமா?

போதாது, பதிவுச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்தாக வேண்டும். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகம் போய்விடுங்கள், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் தருகிறார்கள். புதுச்சேரியில் பதிவு முறை வேறு, இந்த நாள் கணக்கை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

கோயில் கல்யாணத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகூர்த்த நாளில் தேவநாதசுவாமி கோயில் மலைமேல் வரிசையாக எத்தனை கல்யாணம் நடக்கும் என்று நமக்குத் தெரியும். வெளியில் இருந்து பார்க்கிற அதிகாரிக்கு, கூட்டம் குறைவாக, மண்டபம் இல்லாமல், அரைமணி நேரத்தில் முடிந்த கல்யாணம் என்றால் அவசரத்துக்குச் செய்த கல்யாணமோ என்று தோன்றலாம். இது இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்யும் வேண்டுதல் என்று எழுதுங்கள், வரவேற்பு, மறுவீடு, விருந்து என எல்லாப் படங்களையும் தேதியோடு வையுங்கள்.

எங்கே கொடுப்பது, எவ்வளவு செலவு, எத்தனை நாள்?

மனு முழுக்க இணையத்தில்தான். விசாவுக்கு 100 கனடா டாலர், கைரேகையும் புகைப்படமும் எடுக்க 85. கைரேகை கொடுக்கச் சென்னையில் உள்ள வி.எஃப்.எஸ். என்ற விசா சேவை மையத்துக்குப் போக வேண்டும், நான் கடலூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து இரவு வீடு திரும்பினேன். விசிட்டர் விசா கேட்பவர்களுக்கு ஒருமுறை கொடுத்த கைரேகை 10 வருஷம் செல்லும்.

2023 மே மாதம் கனடா அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. ஸ்பான்சர் மனு நிலுவையில் இருக்கும் கணவன் அல்லது மனைவி விசிட்டர் விசா கேட்டால் அதைத் தனியாக எடுத்து, பெரும்பாலும் 30 நாளுக்குள் முடிவு சொல்வோம் என்றார்கள். ஏ.ஓ.ஆர். வந்த பிறகு மனு போடுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான், அந்த எண் இருந்தால்தான் நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

விசிட்டர் விசாவை மறுத்துவிட்டால் பி.ஆர். மனுவும் போய்விடுமா?

போகாது. இரண்டும் தனித்தனி முடிவு. பொய் சொல்லி மாட்டிக்கொண்டால்தான் இரண்டும் சேர்ந்து பாதிக்கும். மறுத்தால் உடனே அதே காகிதங்களை மறுபடி அனுப்பாதீர்கள், அதிகாரி உள்ளே எழுதிய குறிப்புகளை முதலில் கேட்டு வாங்குங்கள். ஜி.சி.எம்.எஸ். குறிப்புகள் என்பார்கள். தகவல் பெறும் சட்டத்தின் கீழ் கனடாவில் இருக்கும் உங்கள் கணவர் 5 டாலர் கட்டி, உங்கள் சம்மதக் கையெழுத்தோடு கேட்கலாம். என் நயாகராக் கடிதம்தான் காரணம் என்பது எனக்கு அதில்தான் தெரிந்தது. நீதிமன்றம் போவதாக இருந்தால் வெளிநாட்டில் எடுத்த முடிவுக்கு 60 நாள் அவகாசம், அதற்கு வக்கீல் வேண்டும்.

வெளியிலிருந்து போடும் மனு, உள்ளேயிருந்து போடும் மனு என்கிறார்களே, எதைப் போடுவது?

கணவருடன் கனடாவில் ஏற்கெனவே சேர்ந்து வாழ்பவர்களுக்கு உள்ளேயிருந்து போடும் வகை ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு ஊருக்கு வந்து, திரும்ப உள்ளே விடாவிட்டால் மனுவே அந்தரத்தில் நிற்கும். மறுத்தால் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையும் அதில் கிடையாது. வெளியிலிருந்து போடும் குடும்ப வகையில் போகலாம், வரலாம், மறுத்தால் மேல்முறையீடும் உண்டு. அம்மா அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஓடி வர வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு வெளியிலிருந்து போடும் வகைதான் சரி என்பது என் எண்ணம், நானும் அதைத்தான் போட்டேன். கணவர் கியூபெக்கில் இருக்கிறார் என்றால் அந்த மாகாணத்தின் ஒப்புதலும் தனியாக வேண்டும், நான் எழுதியிருக்கும் கால அளவை நம்பித் திட்டமிடாதீர்கள்.

டொராண்டோவில் இறங்கினால் என்ன கேட்பார்கள்?

என்னிடம் கேட்டது நாலு கேள்வி. யாரைப் பார்க்க வந்தாய், எத்தனை நாள், அவர் என்ன வேலை, ஸ்பான்சர் மனு போட்டாயிற்றா. எனக்குக் கை நடுங்கியது. ஆனாலும் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன், ஏ.ஓ.ஆர். கடிதத்தையும் திரும்பும் டிக்கெட்டையும் காட்டினேன், ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். விசா இருந்தாலும் உள்ளே விடுவது எல்லை அதிகாரியின் கையில்தான். அதனால் கணவரைப் பார்க்க வந்துவிட்டுத் தோழியைப் பார்க்க வந்தேன் என்று சொல்லவே கூடாது. வீட்டுச் சாமான் முழுவதையும் மூட்டை கட்டிக்கொண்டு, ஸ்கூல் சர்டிபிகேட் அசல், சீர்வரிசைப் பாத்திரம் எல்லாம் எடுத்துப் போனால் திரும்பி வரப்போகிறவர் மாதிரி தெரியாது.

சாப்பாட்டுப் பொருள் எதுவானாலும் சொல்லிவிடுங்கள். முதுநகர் கருவாடு, ஊறுகாய், பால் இனிப்பு எல்லாம் அதில் சேரும். சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம் உண்டு. பணமும் 10,000 கனடா டாலர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அறிவிக்க வேண்டும்.

டிக்கெட் போடும்போது அமெரிக்கா வழியாகப் போகாதீர்கள், விமானம் மாறுவதற்கே அங்கே தனி விசா கேட்பார்கள்.

எத்தனை மாதம் இருக்கலாம்? விசா பல வருஷத்துக்குப் போட்டிருக்கிறதே.

விசாவில் உள்ள தேதி எப்போது வரை நாட்டுக்குள் நுழையலாம் என்பதைச் சொல்வது. தங்கும் காலம் வேறு. அதிகாரி வேறு தேதி எழுதாவிட்டால் நுழைந்த நாளிலிருந்து 6 மாதம். இன்னும் இருக்க வேண்டுமானால் அது முடிவதற்கு முன் நீட்டிப்பு மனு போட வேண்டும், கட்டணம் 100 டாலர், முடிவு வரும்வரை சட்டப்படி இருக்கலாம். தெரியாமல் காலம் தாண்டிவிட்டால் 90 நாளுக்குள் மீட்பு மனு போட வழி இருக்கிறது, ஆனால் அந்த நிலைக்குப் போகவே வேண்டாம். உள்ளே நுழைந்த அன்றே தேதியை எண்ணி சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன்.

அங்கே இருக்கும்போது வேலை பார்க்கலாமா?

விசிட்டராகக் கனடா கம்பெனி எதிலும் வேலை பார்க்க முடியாது. தெரிந்தவர் கடையில் ரொக்கத்துக்கு நிற்பது, பிறர் வீட்டுக் குழந்தையைக் காசுக்குப் பார்த்துக்கொள்வது எல்லாமே இதில் அடங்கும், பி.ஆர். மனுவைப் பணயம் வைத்து அந்த டாலர் வேண்டாம். புதுச்சேரி கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறீர்கள், சம்பளம் இந்தியாவில் வருகிறது என்றால் அது வேறு. வெளிநாட்டு முதலாளிக்காகத் தொலைவிலிருந்து வேலை பார்ப்பவர் விசிட்டராக 6 மாதம் வரை இருக்கலாம் என்று ஐ.ஆர்.சி.சி.யே சொல்லியிருக்கிறது.

2023-இல் வந்த அதே மாற்றத்தில் இன்னொரு நல்லதும் நடந்தது. வெளியிலிருந்து ஸ்பான்சர் மனு போட்டவரும், ஏ.ஓ.ஆர். கையில் இருந்து, கனடாவில் செல்லுபடியாகும் அனுமதியோடு ஸ்பான்சருடன் ஒரே வீட்டில் இருந்தால், எந்த முதலாளியிடமும் வேலை பார்க்க வழிசெய்யும் திறந்த வேலை அனுமதி கேட்கலாம். கட்டணம் மொத்தம் 255 டாலர். அனுமதி கையில் வந்த பிறகுதான் வேலைக்குப் போக வேண்டும்.

நான் அங்கே இருக்கும்போதே பி.ஆர். முடிவாகிவிட்டால்?

சந்தோஷமான விஷயம், ஊருக்கு ஓடி வர வேண்டாம். கனடாவில் இருக்கிறேன் என்று ஐ.ஆர்.சி.சி.க்கு இணையப் படிவத்தில் முன்கூட்டியே தெரிவித்திருந்தால் அவர்கள் இணையம் வழியாகவே உறுதிப்படுத்தி முடித்துவிடுவார்கள். மருத்துவப் பரிசோதனை கேட்டால் அங்கேயே அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் செய்யலாம். பி.ஆர். அட்டை தபாலில் வரும்வரை நாட்டை விட்டுக் கிளம்பாதீர்கள், அட்டை இல்லாமல் திரும்ப விமானம் ஏறத் தனியாகப் பயண ஆவணம் வாங்க வேண்டியிருக்கும். எனக்கு நடந்தது போல் ஊரில் இருக்கும்போது முடிவானால், சென்னை மையம் வழியாகப் பாஸ்போர்ட்டை அனுப்பி விசா ஒட்டி வாங்கி, அதில் போட்ட தேதிக்குள் போய் இறங்க வேண்டும்.

உடம்பு சரியில்லாமல் போனால்? கர்ப்பமானால்?

விசிட்டருக்கு மாகாண மருத்துவக் காப்பீடு கிடையாது. ஒரு இரவு ஆஸ்பத்திரியில் இருந்தால் வரும் ரசீது குடும்பத்தையே ஆட்டிவிடும். பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்பாதீர்கள். பிரசவச் செலவைப் பெரும்பாலான பயணக் காப்பீடு ஏற்காது. குழந்தை பிறந்தால் எந்த நாட்டில் பிறந்தாலும் உடனே ஸ்பான்சர் மனுவில் தெரிவியுங்கள், தெரிவிக்காமல் விட்ட பிள்ளையைப் பிறகு ஸ்பான்சர் செய்ய முடியாமல் போகலாம்.

போய்விட்டுத் திரும்பி வந்தால் ஊரில் தப்பாகப் பேசுவார்களே?

பேசினார்கள். "கூட்டிட்டுப் போனவன் திருப்பி அனுப்பிட்டானா" என்று தெருவில் கேட்டதாக அம்மா ராத்திரி அழுதார். அந்தப் பயத்திலேயே போகாமல் இருக்கும் பெண்கள் எனக்குத் தெரியும், விசா தேதி முடிந்தும் திரும்பாமல் நிற்க நினைத்த ஒரு பெண்ணோடு மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். புதுசாகக் கல்யாணமான இருவருக்கு அந்த ஐந்து மாதம் எவ்வளவு பெரிசு என்பது பேசுகிறவர்களுக்குத் தெரியாது. அவர் எத்தனை மணிக்கு எழுந்து பனியைத் தள்ளிவிட்டு வேலைக்குப் போகிறார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அந்தக் குளிர் தாங்குமா என்பதைப் பார்த்துக்கொண்டேன். கிளம்பும் முன்பே வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, இது போய்வரும் பயணம், இந்தத் தேதிக்குத் திரும்புவேன், பிறகு மறுபடி போவேன் என்று சொல்லிவிடுங்கள். மாமியாருக்கும் அதே நாளில் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததை யாருக்காவது தெரிவிக்கணுமா?

ஆமாம். முகவரி இந்தியாவுக்கு மாறியதை அதே இணையப் படிவத்தில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் இன்னும் அங்கேயே இருப்பதாக நினைத்து வேலை நடக்கும். போர்டிங் பாஸ் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். கிளம்பும்போது கனடாவில் பாஸ்போர்ட்டில் எதுவும் குத்தமாட்டார்கள், சென்னையில் இறங்கியதும் நம்மவர்கள் குத்துகிற முத்திரைதான் நீங்கள் சொன்னபடி திரும்பி வந்ததற்குச் சாட்சி. பி.ஆர். தாமதமாகி மறுபடி விசிட்டராகப் போக வேண்டி வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் நகல் எடுத்து வைக்க வேண்டும்.